துப்பறியும் கதை மன்னர் சறுக்கிய பனிமலை!

ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கையில் பூதக்கண்ணாடி, வாயில் புகைக்குழாய், கழுகு போன்ற கூர்மையான பார்வை! செருப்பில் ஒட்டியிருக்கும் சேற்றைப் பார்த்தே ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடும் துப்பறியும் நிபுணர் அவர். அந்த ஹோம்ஸைப் படைத்தவர் சர் ஆர்தர் கானன் டாயில்.

டாயில் கதைகளில் மட்டும் சாகசம் செய்தவர் அல்ல. ஒரு நாள், கால்களில் நீளமான மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு, பனி மூடிய ஒரு மலையையே தாண்டினார். அந்த நாள் 1894-ம் ஆண்டு மார்ச் 23. அவர் அங்கே ஏன் போனார்? எப்படிப் போனார்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அவரது சிறுவயதுக்குப் போவோம்.

அம்மா சொன்ன கதைகள்

ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரில், 1859-ம் ஆண்டு மே 22-ந் தேதி ஆர்தர் பிறந்தார். அப்பா சார்லஸ் நன்றாகப் படம் வரைவார். ஆனால், குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி வேலையையும் உடல்நலத்தையும் இழந்தார். பெரிய குடும்பம். வீட்டில் எப்போதும் பணக்கஷ்டம். எல்லாப் பாரத்தையும் சுமந்தவர் அம்மா மேரிதான்.

அந்த அம்மாவிடம் ஒரு அருமையான திறமை இருந்தது. மிக நன்றாகக் கதை சொல்வார்! வீரர்களின் கதைகளை அவர் சொல்லும்போது, ஆர்தர் சாப்பாட்டையும் மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்பது வயதில் ஆர்தரை வெளியூரில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அம்மாவின் திறமை மகனுக்குக் கைகொடுத்தது. மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தரையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்குக் கதை சொல்வார். கதை விறுவிறுப்பான கட்டத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார். யாராவது தின்பண்டம் கொடுத்தால்தான் கதை தொடரும்! பிற்காலத்தில் உலகமே அவரது அடுத்த கதைக்காகக் காத்திருந்தது. அதற்கு ஒத்திகை பள்ளிக்கூடத்திலேயே நடந்துவிட்டது.

பிறகு, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அங்கே ஜோசப் பெல் என்று ஒரு பேராசிரியர். நோயாளி வாயைத் திறப்பதற்கு முன்பே, அவரது நடை, உடை, கைகளைப் பார்த்து அவர் என்ன தொழில் செய்கிறார் என்று சொல்லிவிடுவார். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தப் பேராசிரியர்தான் பின்னாளில் ஷெர்லாக் ஹோம்ஸ் உருவாகக் காரணமாக இருந்தவர்.

படிப்பு முடிவதற்கு முன்பே, 1880-ல் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்றில் டாக்டராக வேலை கிடைத்தது. கப்பலின் பெயர் ஹோப். ஆர்க்டிக் கடலில் பனிப்பாறைகளின் நடுவே பல மாதங்கள் பயணம். பனியில் கால் வழுக்கி, உறைய வைக்கும் கடலில் பல முறை விழுந்து எழுந்தார். அவரது 21-வது பிறந்த நாளும் அந்தப் பனிக்கடலில்தான் வந்தது. பனிக்கும் அவருக்கும் இருந்த நட்பு அப்போதே தொடங்கிவிட்டது!

நோயாளி வராத டாக்டர்

படித்து முடித்ததும், 1882-ல் இங்கிலாந்தின் சவுத்ஸீ என்ற கடற்கரை ஊரில் மருத்துவமனை தொடங்கினார். நோயாளிகள் அதிகம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. பேனாவை எடுத்தார். கதைகள் எழுதினார். 1885-ல் லூயிசா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

ஹோம்ஸ் முதன்முதலில் வந்த நாவல் 1887-ல் வெளியானது. அதற்கு அவருக்குக் கிடைத்த பணம் வெறும் 25 பவுண்டுதான். ஆனால், 1891-ல் ஸ்ட்ராண்ட் என்ற மாத இதழில் ஹோம்ஸின் சிறுகதைகள் வரத் தொடங்கியதும் எல்லாமே மாறியது. மக்கள் கடைகளில் முண்டியடித்து அந்த இதழை வாங்கினார்கள். டாயில் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

ஆனால், அவருக்குள் ஒரு வருத்தம். தான் பாடுபட்டு எழுதும் சரித்திர நாவல்களை யாரும் கொண்டாடவில்லை. எல்லோரும் ஹோம்ஸ், ஹோம்ஸ் என்றே கேட்டார்கள். எனவே, ஹோம்ஸைக் கதையிலேயே சாகடித்துவிட நினைத்தார். முதலில் அம்மா கூடாது என்று தடுத்தார். ஆனாலும், 1893 டிசம்பர் இதழில் வந்த கதையில், சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில் ஹோம்ஸ் விழுந்து இறந்துவிட்டதாக எழுதிவிட்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். இனி இந்த இதழே வேண்டாம் என்று சந்தாவை நிறுத்தியவர்கள் ஏராளம்!

அந்தக் கோபத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் டாயில் இல்லை. அவரது வீட்டில் அதைவிடப் பெரிய துயரம் நடந்துகொண்டிருந்தது.

மலையே மருந்து

1893-ம் ஆண்டின் பிற்பகுதியில் லூயிசாவுக்கு ஓயாத இருமல். பரிசோதித்த டாக்டர்கள், காசநோய் முற்றிவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் உயிரோடு இருப்பார் என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டாயிலின் அப்பாவும் இறந்துபோனார்.

இன்று காசநோயைக் குணப்படுத்த நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எதுவுமே இல்லை. காசநோய்க் கிருமியையே 1882-ல்தான் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்திருந்தார். டாயிலும் ஒரு டாக்டர்தான். இருந்தாலும், அவராலும் மனைவியைக் குணப்படுத்த முடியவில்லை. எப்படித் தவித்திருப்பார்!

ஆனால், அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. லூயிசாவை அழைத்துக்கொண்டு சுவிட்சர்லாந்து போனார். அங்கே ஆல்ப்ஸ் மலையில், சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் தாவோஸ் என்ற ஊர் இருக்கிறது. நம் ஊட்டியைவிட உயரம் குறைவுதான். ஆனால், குளிர்காலத்தில் வீட்டுக் கூரை, மரம், சாலை எல்லாமே வெள்ளை வெளேர் என்று பனியில் மூடிக்கிடக்கும். குளிரும் வறட்சியுமான சுத்தமான காற்று, பளிச்சென்ற வெயில் ஆகியவை நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர்கள் நம்பினார்கள். பல நாட்டு நோயாளிகள் அங்கே வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாடத்தில் படுத்தபடி நாள் முழுவதும் காற்று வாங்குவார்கள். டிரெஷர் ஐலண்ட் கதையை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனும் முன்பு அங்கே வந்து தங்கியவர்தான்.

அந்த ஊர் லூயிசாவுக்கு ஒத்துக்கொண்டது. மெல்ல மெல்ல உடல் தேறியது. டாயிலுக்கு உயிர் வந்தது.

வில்லங்கம் பிடித்த பலகைகள்

தாவோஸில் இருந்தபோதுதான், டாயிலுக்குப் பனிச்சறுக்கில் ஆசை வந்தது.

பனிச்சறுக்கு நார்வே நாட்டு மக்களுக்கு மிகப் பழைய பழக்கம். அங்கே ஊர்விட்டு ஊர் போவதற்கே அதைத்தான் பயன்படுத்தினார்கள். நான்சென் என்ற நார்வே நாட்டு வீரர், 1888-ல் கிரீன்லாந்தின் பனிப்பாலைவனத்தையே இப்படிக் கடந்து காட்டினார். ஆனால், சுவிட்சர்லாந்து மலைவாசிகளுக்கு இது புதுசு.

தாவோஸில் டோபியாஸ், யோகான் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். குடும்பப் பெயர் பிராங்கர். அவர்கள் நார்வேயின் சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பழகத் தொடங்கினார்கள். ஊரே கேலி செய்தது. அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை. இருட்டிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் போய்ப் பழகினார்கள்! 1893-ல், தாவோஸிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் அரோசா என்ற சிற்றூருக்கு, மலைக்கணவாய் வழியாகப் பனியில் சறுக்கியே போய்விட்டார்கள். அதன்பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

டாயில் இந்தச் சகோதரர்களோடு சேர்ந்துகொண்டார். அப்போதைய பலகைகள் எப்படி இருந்தன தெரியுமா? 8 அடி நீளம், 4 அங்குல அகலம். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுவில் காலைக் கட்ட வார். அவ்வளவுதான்!

இந்தப் பலகை எதற்கு என்று கேட்கிறீர்களா? புதுப்பனியில் வெறும் பூட்ஸோடு நடந்தால், கால் முழங்கால் வரை புதைந்துவிடும். நம் உடல் எடை முழுவதும் சின்னப் பாதத்தின் மேல் அழுத்துவதுதான் காரணம். நீளமான பலகையைக் கட்டிக்கொண்டால், அதே எடை பலகை முழுவதும் பரவிவிடும். கால் புதையாது. சரிவு வந்தால் தானாகவே வழுக்கிக்கொண்டு போகலாம்.

சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு? டாயில் நல்ல பலசாலி. கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை எல்லாம் தெரிந்தவர். ஆனால், பலகை அவரை மதிக்கவே இல்லை! ஒரு கால் கிழக்கே போனால், மறுகால் மேற்கே போகும். நன்றாக நிற்கிறோம் என்று நினைத்த அடுத்த நொடி, தலை பனிக்குள்ளும் கால் ஆகாயத்திலும் இருக்கும். விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டார். தான் விழுந்ததைப் பற்றி அவரே பிறகு சிரிக்கச் சிரிக்க எழுதினார்.

மலையைத் தாண்டிய நாள்

ஓரளவு பழகியதும், பிராங்கர் சகோதரர்கள் போன அதே வழியில் அரோசாவுக்குப் போக டாயில் முடிவு செய்தார். இரண்டு ஊர்களும் அருகருகே இருந்தாலும், நடுவே பெரிய மலை. சாலை வழியாகப் போனால் வெகுதூரம் சுற்ற வேண்டும். மலையைத் தாண்டினால் அரை நாள்தான். ஆனால், 2,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் மையன்ஃபெல்டர் ஃபுர்கா என்ற கணவாயைக் கடக்க வேண்டும்.

1894 மார்ச் 23. அதிகாலை நாலரை மணி. வானத்தில் நிலா. தாவோஸுக்கு அருகில் இருக்கும் ஃப்ராவென்கிர்ஷ் கிராமத்துக்கு மூவரும் கிளம்பினார்கள். அங்கிருந்து மலையேறத் தொடங்கினார்கள். மலைப்பனியில் போகிறவர்கள் இப்படி இருட்டோடு கிளம்புவது வழக்கம். வெயில் ஏற ஏறப் பனி இளகிவிடும். பனிச்சரிவு அபாயமும் அதிகமாகும்.

இன்று பனிச்சறுக்கு மலைகளில், மேலே இழுத்துச் செல்லக் கம்பிவடமும் தொங்கும் நாற்காலிகளும் இருக்கின்றன. அன்று அப்படி எதுவும் கிடையாது. தாவோஸில் சறுக்குவோரை இழுத்துச் செல்லும் கம்பிவடம் வந்ததே 1934-ல்தான். ஏறுவதும் சொந்தக் கால்தான், இறங்குவதும் சொந்தக் கால்தான். நேராக ஏறினால் பலகை பின்னோக்கி வழுக்கும். அதனால், பாம்பு வளைவது போல இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து ஏறினார்கள். மூச்சு வாங்கியது.

பாதையில் ஓர் இடம் மிகவும் ஆபத்தானது. சுவர் போன்ற பனிச்சரிவு. அதன் ஓரமாகவே குறுக்கே நடந்து போக வேண்டும். கால் வழுக்கினால் பள்ளம்! சுமார் அரை மைல் தூரத்துக்கு இதே நிலை.

அப்போது பிராங்கர் சகோதரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். டாயிலை மேல்பக்கமாக நடக்கவிட்டு, இருவரும் அவருக்குக் கீழ்ப்பக்கமாக, பள்ளத்தை ஒட்டி நடந்தார்கள். ஏன் தெரியுமா? புதியவரான டாயில் வழுக்கினால், கீழே நிற்கும் தாங்கள் தடுத்துப் பிடிக்கலாம் அல்லவா! தங்கள் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும், அரை மைல் தூரமும் அப்படியே நடந்தார்கள். டாயில் இதைக் கவனித்தார். பிறகு தன் கட்டுரையில் மறக்காமல் எழுதினார்.

கணவாயைத் தாண்டியதும் ஆனந்தம்! காலை அசைக்கவே வேண்டாம். வெள்ளைப் பனியின் மேல் மூவரும் பறவைகள் போலச் சறுக்கிக்கொண்டு போனார்கள். பறப்பது போல இருந்ததாம் டாயிலுக்கு.

அடுத்து ஒரு செங்குத்தான இறக்கம் வந்தது. நின்றுகொண்டு சறுக்கினால் ஆபத்து. சகோதரர்கள் உடனே ஒரு யோசனை செய்தார்கள். இரண்டு பலகைகளையும் வாரால் சேர்த்துக் கட்டினால், சறுக்குவண்டி தயார்! அதன்மேல் உட்கார்ந்து, கழியால் அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கலாம்.

சகோதரர்கள் இறங்கினார்கள். டாயிலும் உட்கார்ந்தார். ஆனால், அவரது வண்டி அவரை விட்டுவிட்டு, அம்பு போலப் பாய்ந்து போய்விட்டது! சகோதரர்களையும் தாண்டிக் கீழே ஓடி மறைந்தது. பனியில் தனியாக உட்கார்ந்திருந்தார் டாயில்.

வேறு வழி? உட்கார்ந்தபடியே, பேன்ட்டையே பலகையாக்கி வழுக்கிக்கொண்டு இறங்கினார்! இந்தத் துணி கிழியவே கிழியாது என்று தையற்காரர் அவருக்கு உறுதி கொடுத்திருந்தாராம். பாவம், மலைப்பாதை நெடுக அந்தத் துணியின் துண்டுகள்! அன்று முழுவதும் டாயில் யாருக்கும் முதுகைக் காட்டாமல், சுவரை ஒட்டியே நின்றதாக வேடிக்கையாக எழுதினார்.

காலை பதினொன்றரை மணிக்கு அரோசா வந்து சேர்ந்தார்கள். ஏழு மணி நேரப் பயணம். அவர்கள் வருவது அரோசா மக்களுக்கு முன்பே தெரியும். எப்படியும் ஒரு மணிக்கு முன்னால் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க அவர்கள் வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தபோது, டாயில் ஹோட்டலில் மதியச் சாப்பாட்டையே முடித்துக்கொண்டிருந்தார்!

ஹோட்டல் பதிவேட்டில் டோபியாஸ்தான் விவரங்களை எழுதினார். டாயிலின் தொழில் என்ன? எழுத்தாளர் என்று எழுதவில்லை, டாக்டர் என்றும் எழுதவில்லை. விளையாட்டு வீரர் என்று எழுதினார். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளருக்கு அதில் ஒரே பெருமை!

பேனாவின் வலிமை

இந்தப் பயணத்தைப் பற்றி டாயில் எழுதிய கட்டுரை, 1894 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் வந்தது. பனிச்சறுக்குக்காகவே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் சுவிட்சர்லாந்துக்கு வரும் காலம் வரும் என்று அதில் எழுதியிருந்தார். அவர் சொன்னது பலித்தது. நூற்றுக்கணக்கில் அல்ல, லட்சக்கணக்கில் வந்தார்கள். தாவோஸும் அரோசாவும் இன்று உலகப் புகழ்பெற்ற பனிச்சறுக்குத் தலங்கள்.

சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கைக் கொண்டுவந்தவரே டாயில்தான் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அவருக்கு முன்பே பிராங்கர் சகோதரர்களும் வேறு சிலரும் சறுக்கியிருக்கிறார்கள். ஆனால், அதைப் பல நாட்டு மக்களுக்கும் தெரிய வைத்ததில் அவரது பேனாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கீழ்ப்பக்கம் நடந்தவர்

லூயிசா என்ன ஆனார்? சில மாதங்கள்தான் என்று டாக்டர்கள் கெடு வைத்தார்கள் அல்லவா? அவர் சுமார் 13 ஆண்டுகள் வாழ்ந்தார்! நல்ல காற்றைத் தேடி எகிப்து வரை அவரை அழைத்துப் போனார் டாயில். பிறகு, இங்கிலாந்திலேயே காற்றோட்டமான மேட்டுப்பகுதியில் புது வீடு கட்டிக் குடியேறினார். தன் இரு குழந்தைகளும் வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் லூயிசாவுக்குக் கிடைத்தது. 1906-ல் அவர் காலமானார்.

டாயில் 1900-ல் தென்னாப்பிரிக்கப் போரில் டாக்டராகப் பணியாற்றினார். 1902-ல் சர் பட்டம் கிடைத்தது. வாசகர்கள் விடாமல் கேட்டதால், 1903-ல் ஹோம்ஸ் சாகவில்லை என்று எழுதி அவரை மீண்டும் கொண்டுவந்தார்.

ஒருமுறை டாயிலே துப்பறியும் நிபுணர் ஆனார். ஜார்ஜ் எடல்ஜி என்று ஓர் இளம் வழக்கறிஞர். அவரது அப்பா பம்பாயில் பிறந்த பார்சி இனத்தவர். இரவில் வயலில் நின்ற குதிரையைக் கத்தியால் காயப்படுத்தினார் என்று 1903-ல் எடல்ஜிக்கு ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். மூன்று ஆண்டு சிறையில் இருந்த பிறகு வெளியே வந்த அவர், டாயிலின் உதவியை நாடினார்.

ஒரு ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். எடல்ஜி செய்தித்தாளை மூக்கருகே பிடித்துப் படிப்பதை, தூரத்திலிருந்தே டாயில் பார்த்துவிட்டார். கண் மருத்துவமும் படித்தவர் ஆயிற்றே! இவ்வளவு பார்வைக் குறைவு உள்ளவர், இருட்டில் வயல்வெளியைத் தாண்டிப் போய் அந்தக் குற்றத்தைச் செய்திருக்க முடியுமா? டாயில் ஆராய்ந்தார். பத்திரிகையில் எழுதினார். முன்பின் தெரியாத ஒருவருக்காக விடாமல் போராடினார். 1907-ல் எடல்ஜிக்கு அரசு மன்னிப்பு வழங்கியது. அவர் மீண்டும் வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடிந்தது.

1930-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி டாயில் காலமானார். ஹோம்ஸை வைத்து அவர் எழுதியவை 4 நாவல்கள், 56 சிறுகதைகள்.

குழந்தைகளே! அந்தப் பனிச்சரிவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே டாயில் விழாமல் இருக்க, இரண்டு பேர் அவருக்குக் கீழே நடந்தார்கள். மனைவியின் நோயிலும், எடல்ஜியின் கஷ்டத்திலும் டாயில் அதே இடத்தில் போய் நின்றார். மலை உச்சியைத் தொடுவது மட்டும் வீரம் அல்ல. பக்கத்தில் வருபவர் விழுந்துவிடாமல் இருக்க, பள்ளத்தின் ஓரமாக நாம் நடப்பதும் வீரம்தான்!